சத்தம் வந்தால் போதுமா?

பழுதான காது மெஷினை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். கவுன்டரில் இருப்பவர் செல்லை மாற்றிப் பார்க்கிறார். சின்ன பிரஷ்ஷால் அழுக்கைத் தட்டி எடுக்கிறார். அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே கொண்டுபோய் ஏதோ ஒரு பாகத்தை மாற்றிவிட்டு வருகிறார். கருவியை உள்ளங்கையில் பொத்தி, ‘கீ’ என்று கூவுகிறதா என்று பார்க்கிறார். கூவினால் வேலை முடிந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தக் கூவல் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: மைக்கில் புகும் ஒலி பெருகி ஸ்பீக்கர் வழியாக வெளியே வருகிறது. அணிகிறவருக்குப் பேச்சு புரியுமா, அவருக்கென்று அமைத்துத் தந்த அளவில்தான் ஒலி வருகிறதா, மிஞ்சியிருக்கும் கேட்கும் திறனை அந்த ஒலி கெடுக்காதா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது. பழுது நீங்கியதற்குச் சான்று, அளந்து எடுத்த அறிக்கைதான். அதைக் கேட்டு வாங்குவதற்கான இடம் இப்போதிருக்கும் சட்டங்களிலேயே இருக்கிறது. நாம் கேட்பதில்லை, அதனால் கடைக்காரரும் தருவதில்லை.

பெட்டியில் இருக்கும்வரை காது மெஷின் யாருக்கும் பொதுவான சரக்கு. ஒருவர் காதில் ஏறிய பிறகு அது அவருக்கு மட்டுமே உரியது. ஆடியோகிராம் எடுத்து, எந்த அலைவரிசையில் எத்தனை டெசிபெல் குறைவு என்று பார்த்து, மெல்லிய ஒலியை எவ்வளவு கூட்டுவது, உரத்த ஒலியை எங்கே தடுத்து நிறுத்துவது என்று ஆடியாலஜிஸ்ட் கணினியில் அமைத்துத் தருகிறார். உடைந்த மூக்குக்கண்ணாடிக்குக் கையில் கிடைத்த லென்ஸைப் பொருத்திக் கொடுத்தால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டோம். போட்டவுடனே கண் காட்டிக்கொடுத்துவிடும். காது அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. ரிசீவர் என்று சொல்லப்படும் குட்டி ஸ்பீக்கரே பல திறன்களில் வருகிறது. மிதமான பாதிப்புக்கானதை எடுத்துவிட்டுக் கடுமையான பாதிப்புக்கான ‘பவர்’ ரிசீவரைப் பொருத்தினால், முன்பைவிட நன்றாகக் கேட்கிறது என்று அணிகிறவரே மகிழக்கூடும். நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சு 60, 65 டெசிபெல் அளவில் இருக்கிறது. சக்தி வாய்ந்த கருவிகள் 130 டெசிபெலைத் தாண்டியும் ஒலி எழுப்பக்கூடியவை. காது மெஷின்களைச் சோதிப்பதற்கான அமெரிக்கத் தர அளவுகோலில், கருவியின் உச்ச ஒலி, நிறுவனம் அறிவித்த அளவைவிட 3 டெசிபெலுக்கு மேல் கூடக்கூடாது. மூன்றுதானே என்று தோன்றலாம். டெசிபெல் கணக்கில் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. காலை முதல் இரவுவரை, மாதக்கணக்கில் அதை அணிந்திருப்பவரின் உள்காதில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை.

தேவையைவிடக் குறைவாக ஒலிக்கும் கருவியின் கெடுதல் இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. மைக்கின் வாயில் வியர்வை உப்பும் முகப்பவுடரும் சேரச் சேர, முதலில் மங்குவது ‘ஸ்’, ‘ஷ்’, ‘த்’ போன்ற மெல்லிய மெய்யொலிகள். பேச்சின் சத்தம் காதுக்கு வருகிறது, சொல் பிடிபடுவதில்லை. மெதுவாக நேரும் இந்த இழப்பை அணிகிறவர் உணர்வது அரிது; தன் காதுதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று முடிவுகட்டிக்கொள்வார், அல்லது வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று குறைப்படுவார். நாளடைவில் மெஷின் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். கருவியால் பயன்பெறக் கூடியவர்களில் 17 சதவீதம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விலையும் கூச்சமும் இதற்குக் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். வாங்கியும் இழுப்பறையில் கிடக்கும் கருவிகளை அந்த இரண்டு காரணங்களால் மட்டும் விளக்க முடியாது. குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கடுமை. பேச்சு உருவாகும் வயதில் இருக்கும் குழந்தைக்குத் தன் மெஷின் சரியாக ஒலிக்கவில்லை என்று சொல்லத் தெரியாது. சரியான ஒலி எப்படி இருக்கும் என்பதே அதற்கு அந்த மெஷின் வழியாகத்தான் தெரியும். அதனால்தான் கேட்பியல் வல்லுநர் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனையைத் தினமும் காலையில் செய்யச் சொல்கிறார்கள். குழந்தைக்கு வாயசைவு தெரியாதபடி நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது அந்தச் சோதனை. நேற்றுவரை திரும்பிப் பார்த்த ஓர் ஒலிக்கு இன்று திரும்பவில்லை என்றால் அது பழுதின் முதல் அறிகுறி. ஒரு பைசா செலவில்லாத சோதனை. பள்ளி ஆசிரியர்களும் செய்யலாம்.

விசில் சத்தத்தை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். காதில் போட்டிருக்கும்போதே மெஷின் கூவுகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் ஏராளம். ஸ்பீக்கரிலிருந்து வெளிவரும் ஒலி கசிந்து மறுபடி மைக்குக்கே போவதால் வருவது அந்தக் கூவல். ஏன் கசிகிறது? குழந்தை வளர்ந்ததால், காதின் வடிவத்துக்கு வார்த்தெடுத்த காது மோல்ட் தளர்ந்திருக்கலாம். மோல்டையும் கருவியையும் இணைக்கும் பிளாஸ்டிக் டியூப் மஞ்சளித்து, கெட்டியாகி விரிசல் விட்டிருக்கலாம். காதுக்குள் குறும்பி அடைத்து ஒலி உள்ளே போக வழியில்லாமல் திரும்பி வரலாம். மோல்டைப் புதிதாக எடுப்பது, டியூபை மாற்றுவது, குறும்பியை மருத்துவரிடம் எடுப்பது ஆகியவையே இவற்றுக்கான தீர்வுகள். கவுன்டரில் நடப்பதோ ஒலிப்பெருக்கத்தைக் குறைத்து வைப்பது. கூவல் நின்றுவிடும், வாடிக்கையாளர் திருப்தியாகப் போய்விடுவார், கூவலோடு சேர்ந்து பேச்சின் பாதியும் போயிருக்கும். கருவியில் பழுதே இல்லை, பழுது பார்த்ததுதான் கேட்பதைக் கெடுத்தது. சத்தத்தை வைத்து எடைபோடும் பழக்கம் இந்தத் தவறைத் தவறாகவே காட்டாது.

ஆகவே பழுது பார்ப்பது கருவியில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. ஒரே நாளில், அதுவும் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் ‘மெஷின் போய்விட்டது’ என்று நினைத்துக் கடை திறக்கும்வரை காத்திருப்பது ஆபத்து. உள்காது நரம்பு திடீரெனச் செயலிழப்பதும் இப்படித்தான் வெளிப்படும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மெஷினைக் கூரியரில் அனுப்பிவிட்டு மூன்று வாரம் கழித்து, கருவியில் குறையே இல்லை என்ற பதில் வரும்போது அந்தக் கெடு முடிந்திருக்கும். புதுச் செல்லைப் போட்டு, நன்றாகக் கேட்கும் வேறொருவர் ஒலியைக் குறைத்து வைத்துச் சில நொடிகள் கேட்டுப் பார்த்தாலே, குறை கருவியிலா காதிலா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். காதில் என்றால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர். காதில் குறையில்லை என்றால் வீட்டில் பார்க்க வேண்டிய சில எளிய விஷயங்கள் இருக்கின்றன. துத்தநாகக் காற்றுச் செல்லின் ஸ்டிக்கரைப் பிரித்தவுடன் மூடியை அடைக்காமல் ஓரிரு நிமிடம் காற்றுப் பட விட வேண்டும். அளவு மாறிய செல்லைத் திணிக்கக்கூடாது. 10-க்கு மஞ்சள், 312-க்கு பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம் என்று அட்டையிலேயே நிற அடையாளம் இருக்கும். ரிசீவர் முனையில் இருக்கும் குறும்பி வடிகட்டியை மாற்றிப் பார்க்கலாம். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி. இரவில் மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைப்பது பாதிப் பழுதைத் தடுக்கும். அரிசிப் பானையில் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, வெயிலில் காயவைப்பது, ஸ்பிரிட்டால் துடைப்பது எல்லாம் வேண்டாத வேலை. சார்ஜ் ஏற்றும் வகையில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதைக் குத்தித் திறக்கக் கூடாது. கழற்றிப் போட்ட பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அது நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம்.

இதற்கு மேல் போகும் எதுவும் பயிற்சி பெற்றவர் கைக்கு உரியது. முறையான மையத்தில் கருவியை ஒலிபுகாத சிறு சோதனைப் பெட்டிக்குள் வைத்து, 2 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள கப்ளர் என்ற உலோக அறையோடு இணைத்து அளப்பார்கள். அந்த அறிக்கையில் உச்ச ஒலி, பெருக்கம், ஒலிச் சிதைவின் சதவீதம், கருவியின் உள் இரைச்சல், செல்லிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் என ஐந்தாறு எண்கள் இருக்கும். நிறுவனம் அந்த மாடலுக்கு வெளியிட்ட விவரத் தாளோடு அவற்றை ஒப்பிட்டால் போதும். புரிந்துகொள்ளப் பொறியியல் தேவையில்லை. பழுது பார்ப்பதற்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. போர்டு மாற்றியிருந்தால் பழைய அமைப்புகள் அழிந்திருக்கும்; சேமித்து வைத்த கோப்பிலிருந்து அவற்றைத் திரும்ப ஏற்ற வேண்டும், அல்லது புது ஆடியோகிராம் எடுத்து அமைக்க வேண்டும். வசதியுள்ள இடங்களில், காதுக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, செவிப்பறைக்கு அருகே உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேர்கிறது என்றும் அளப்பார்கள். கடைசி அளவு அதுதான். மற்றதெல்லாம் அதற்கான முன்னேற்பாடு.

யார் பயிற்சி பெற்றவர் என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி ஆடியாலஜிஸ்ட்டும், காது மெஷின் மற்றும் காது மோல்ட் தொழில்நுட்பரும் பதிவு செய்துகொள்ள வேண்டிய தொழில்முறையாளர்கள். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டுவரை சிறையோ 1,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. (ஒரு நடுத்தர மெஷினின் விலையில் ஆயிரம் ரூபாய் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்தால், அந்தத் தண்டனை யாரையும் அச்சுறுத்தாது என்பதும் தெரியும்.) மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்பியல் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ நடத்துகிறது. மையத்தில் நுழைந்ததும் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் பதிவு எண்ணைக் கேட்பதும் மரியாதைக் குறைவல்ல.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். நிறுவனத்தின் சேவை மையம் மாவட்டத் தலைநகரில்கூட இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டால் பழுதுக்கு அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. பக்கத்துத் தெரு மொபைல் கடைக்காரர் சில நூறு ரூபாயில் முடித்துத் தருகிறார். ஏழைக்கு அவரையும் வேண்டாம் என்றால் வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் கடைக்காரரின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நுண்ணோக்கியின் கீழ் நகக்கண் அளவு போர்டில் ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அறுந்த கம்பியை, துருப்பிடித்த செல் முனையை அவர்கள் செம்மையாகவே சரிசெய்யக்கூடும். குறை அவர்களுடைய கையில் இல்லை, வேலை எங்கே முடிகிறது என்று அவர்கள் வைத்திருக்கும் எல்லையில் இருக்கிறது. எனவே என் யோசனை இரண்டு வேலையையும் பிரிப்பது. உத்தரவாதம் முடிந்த பழைய கருவியின் மின்னணு வேலையை யார் செய்தாலும், காதில் ஏற்றுவதற்கு முன் ஆடியாலஜிஸ்ட் ஒருவரிடம் கொண்டுபோய் அளந்துவிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள், ஆடியாலஜி பாடம் நடத்தும் கல்லூரிகளின் மையங்கள், முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். சிறு கடைக்காரரால் சோதனைப் பெட்டி வாங்க முடியாது என்பதும் உண்மைதான். அளக்கும் இடம் பழுது பார்க்கும் இடமாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் கருவியை மட்டும் வெளியாள் திறக்கவே கூடாது. திறந்த தடம் தெரிந்தால் நிறுவனம் கையை விரித்துவிடும். வழக்கென்று போனாலும் கருவிதான் முதல் சாட்சி, அதைக் கலைத்துவிட்டு நிற்க முடியாது.

சாட்சி என்றதும் காகிதத்துக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலான புகார்கள் தோற்பது இங்கேதான். மெஷினை ஒப்படைக்கும்போது வாங்கும் ரசீதில் மாடல் பெயர், வரிசை எண், வலதா இடதா (கருவியில் சிவப்புக் குறி வலம், நீலக் குறி இடம்), நாம் சொன்ன குறை, உத்தேசச் செலவு, திருப்பித் தரும் தேதி ஆகிய ஆறும் இருக்க வேண்டும். வரிசை எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வருவது நாம் கொடுத்த கருவிதானா என்று ஒப்பிட வேறு வழி இல்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம். பழுது நீளும் என்றால் அதுவரை அணிய மாற்று மெஷின் தருவார்களா என்று ஒப்படைக்கும் முன்பே கேட்க வேண்டும். சில மையங்கள் தருகின்றன, கேட்பவருக்கு. புது மெஷின் வாங்கும்போது ‘பில் போட்டால் வரி வரும், வேண்டாமே’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. செல்லுக்கும் பழுதுபார்ப்புச் சேவைக்கும் கணக்கு வேறு. அதோடு, ஆடியோகிராமின் நகலும் கருவியின் அமைப்புகளை அச்சிட்ட தாளும் நம்மிடம் இருந்தால், வாங்கிய கடை மூடிவிட்டாலும் வேறொருவர் வேலையைத் தொடர முடியும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இந்தக் காகிதங்களுக்கு உயிர் கொடுக்கிறது. பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ, குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவோ, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாதபோது 30 நாளுக்குள் மறுப்பதும் அப்படியே. சேவைக் குறைபாடு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில், நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். சோதனை அறிக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியில்லை. ஆனால் எழுத்தில் கேட்ட பிறகும் அளவைத் தராமல் ‘சரியாகிவிட்டது’ என்று மட்டும் சொல்லிப் பணம் வாங்குவது தகவலை மறைப்பதுதான் என்று வாதிட இந்த விளக்கம் தாராளமாக இடம் தருகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன என்பதும் வாதத்துக்கு வலு சேர்க்கும். காது மெஷினை ரேடியோப் பெட்டியைப் போல விற்றுவிட்டு ஒதுங்க முடியாது. அதே சமயம் உத்தரவாத அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படித்துவிட வேண்டும். ஈரத்தால், குறும்பியால் வந்த பழுது உத்தரவாதத்தில் சேராது என்று பல அட்டைகளில் எழுதியிருக்கும். காதில் அணியும் பொருளுக்கு வியர்வையையும் குறும்பியையும் விலக்குவது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். கேட்கவும் வேண்டும், வாங்குவதற்கு முன்னால்.

மூவாயிரம் ரூபாய்ப் பழுதுக்கு யார் வழக்குப் போடுவார் என்பது அடுத்த மறுப்பு. வழக்கு கடைசிப் படி. முதலில் கடைக்கும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுத்தில் புகார். பிறகு தேசிய நுகர்வோர் உதவி மையம். அதன் எண் 1915. செவித்திறன் குறைந்தவரைத் தொலைபேசியில் கூப்பிடச் சொல்வதில் இருக்கும் அபத்தம் புரிகிறது. அங்கே இணையம், செயலி வழியாக எழுதியும் புகார் தரலாம். அதையே பயன்படுத்துவது நல்லது, பேச்சுக்குப் பதில் பதிவும் மிஞ்சும். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. விற்றவர் சென்னையில் இருந்தாலும் புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். பொருளில் குறை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சோதனை தேவையில்லாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அது நீள்வதை மறைப்பதற்கில்லை. அதனால்தான் எழுத்துப் புகாரும் சமரசமும் முதல் வழியாக இருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கியவர்களின் கதை இது. இலவசமாகப் பெற்றவர்களின் நிலை வேறு. இலவசச் சேவையைப் பெறுபவர் நுகர்வோர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் அல்லர். அந்தக் கதவு அவருக்கு மூடியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும், தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகவும் காதுக்குப் பின்னால் அணியும் மெஷின்கள் தரப்படுகின்றன. முகாமில் மேடை போட்டு வழங்கும் படம் செய்தித்தாளில் வருகிறது. ஆறு மாதம் கழித்து டியூப் விரிசல் விட்ட மெஷினோடு எந்த வாசலுக்குப் போவது என்பது வருவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தரச் சொல்கிறது, வருமான வரம்புக்கு உட்பட்ட மற்றவர்களுக்கும் இலவசக் கருவிக்கு வழி செய்யச் சொல்கிறது. அந்த இடங்களில் பழுதுபார்ப்பு பற்றிப் பேச்சில்லை. ஆனால் பழுதான கருவி உதவிக் கருவியே ஆகாது என்பதால், தரும் கடமைக்குள்ளேயே பராமரிப்பும் அடங்கும் என்று படிப்பதுதான் பொருத்தம். அடிப் திட்டத்தின் விதிகளும், கருவியைப் பொருத்துவதோடு பொருத்திய பின் கவனிப்புக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியது வழங்கும் முகமையின் பொறுப்பு என்கின்றன. அந்தத் திட்டத்தில் ஒருமுறை பெற்றவர் அதே உதவியை மறுபடி பெறப் பொதுவாக மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் ஓராண்டு. முதல் வருடமே கெட்டுப்போன மெஷினோடு மீதிக் காலத்தை எப்படிக் கழிப்பது? இந்த ஒரு கேள்வியே பராமரிப்பை ஏன் பிரிக்க முடியாது என்று காட்டிவிடுகிறது.

ஆகவே இவர்கள் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, நம் மாவட்டத்தில் வழங்கிய காது மெஷின்களுக்குப் பின் கவனிப்பு ஏற்பாடு என்ன, பழுதுக்கு யார் பொறுப்பு, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று மூன்று கேள்வி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணையில் ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரங்கள் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால் துறை மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். தனி மனுவைவிட, ஒரு பள்ளியிலோ ஒரு வட்டாரத்திலோ ஒரே முகாமில் மெஷின் பெற்றவர்கள் சேர்ந்து கொடுக்கும் மனு எடுபடும். பழுதான கருவிகளின் வரிசை எண்ணும், கெட்ட மாதமும், குறையும் ஒரே தாளில் இருந்தால், அடுத்த முறை டெண்டர் விடும்போது அந்த மாடலைப் பற்றி யோசிக்க அதிகாரிகளுக்கும் காரணம் கிடைக்கும்.

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு, அது விற்பவர்களிடமிருந்து வருவது: ஐந்து வருடப் பழைய மெஷினுக்குப் பாகம் வருவதில்லை, தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள். சில வேளைகளில் இது சரியான ஆலோசனைதான். கேட்கும் திறன் மேலும் குறைந்திருந்தால் பழைய கருவியின் சக்தி போதாது. கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் பேச்சைப் பிரித்தெடுப்பதில் புதிய சில்லுகள் மேம்பட்டவை. ஆனால் இது ஆடியோகிராம் பார்த்துச் சொல்லும் முடிவா, விற்பனை இலக்கு சொல்லும் முடிவா என்று நாம் கேட்டாக வேண்டும். உலகச் சந்தையின் பெரும்பங்கு ஐந்தே நிறுவனக் குழுமங்களின் கையில் இருக்கிறது: சோனோவா, டிமான்ட், ஜிஎன், டபிள்யூஎஸ் ஆடியாலஜி, ஸ்டார்க்கி. அவர்கள் பாகத்தை நிறுத்தினால் கருவியின் ஆயுள் அத்தோடு சரி. சில விற்பனைச் சங்கிலிகளின் கருவிகளை அவர்களுடைய மென்பொருளைத் தவிர வேறெதாலும் திறக்க முடியாதபடி பூட்டியே தருகிறார்கள். ஊர் மாறினால், கடை மூடினால், வேறு ஆடியாலஜிஸ்ட் தொடக்கூட முடியாது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை காது மெஷினை இலவசமாகக் கடனாகத்தான் தருகிறது. கருவி அவர்களுடையது என்பதால் பழுதும் செல்லும் அவர்கள் பொறுப்பாகவே தொடர்கின்றன. நம் ஊரில் பெட்டி கைமாறிய கணத்தில், அரசோ கடையோ, கொடுத்தவரின் கடமை தீர்ந்துபோகிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது: வேளாண் கருவிகள், கைப்பேசியும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையதளமும் வந்தது. கைப்பேசிக்கும் டிராக்டருக்கும் கிடைத்த அந்த இடம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே செவிக்குறைபாடு உள்ள 50 லட்சம் பேர் வாழும் நாட்டில் காது மெஷினுக்குக் கிடைக்கவில்லை. கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாடலை நிறுத்திய பிறகும் எத்தனை ஆண்டுகள் பாகம் கிடைக்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற எந்த ஆடியாலஜிஸ்ட்டும் மென்பொருளைப் பயன்படுத்த முடிய வேண்டும். சோதனைப் பெட்டி அளவுகளோடு ஒப்பிடத் தேவையான விவரத் தாள் பொதுவில் இருக்க வேண்டும். அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் இந்த மூன்றையும் நிபந்தனையாக்க டெல்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, மாநில அரசே செய்யலாம். அதுவரை, புதிய மெஷின் வாங்கப் போகிறவர் விலையைப் பேசுவதற்கு முன் இந்த மூன்றையும் கவுன்டரில் கேட்டு, வரும் பதிலைப் பில்லின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.